மில்லிங் மெஷின் வந்தாச்சு! எங்கள் தெருவுக்கு ரோடு எப்படி வந்தது?

வணக்கம் மக்களே! சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஓடுவது மில்லிங் மெஷின். சென்னையில், எங்கள் தெருவில்! பழைய தாரைச் சுரண்டிச் சுரண்டி லாரியில் கொட்டுகிறது. காலையிலிருந்து மொட்டைமாடியில் நின்று இதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய்விட்டார்.

பழைய ஆட்களுக்கு எங்கள் வாசல்படிக் கதை தெரியும். புதியவர்களுக்காக இன்னொரு தடவை. போன முறை ரோடு போட்டபோது சுரண்டவே இல்லை. தோசைக்கு மேல் தோசை ஊற்றின மாதிரி பழைய ரோட்டின் மேலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வாசல் பள்ளமாகி, மழைத் தண்ணீர் நேராக செருப்பு ஸ்டாண்டுக்கு வந்தது. படியை உயர்த்த கொத்தனாருக்கு 6,500 ரூபாய். சிமென்ட், மணல் தனி. அப்புறம் கேட் தரையில் உரசியது. வெல்டர் வந்து அடியில் அறுத்ததற்கு 800. அறுத்த கம்பியையும் அவரே எடுத்துக்கொண்டு போய்விட்டார், அது வேறு. இதை நான் சாகும்வரை சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

மேல்தளத்தைச் சுரண்டிவிட்டு, பழைய மட்டத்திலேயேதான் புது ரோடு போட வேண்டும் என்று 2021 மே மாதமே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவு போட்டார். எங்கள் தெருவில் அதை இன்றைக்குத்தான் கண்ணால் பார்க்கிறேன். ஸ்கேல் வைத்தும் பார்த்துவிட்டேன், நான்கு சென்டிமீட்டர் எடுத்திருக்கிறார்கள். அழகு!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துத் தெரு இதைவிட மோசம். அங்கே போடாமல் ஏன் இங்கே? வேலையைப் பார்க்க வந்த இன்ஜினியரிடமே கேட்டேன். "அங்கே பைப் வேலை முடியலைம்மா, அதனால அது அடுத்த பேக்கேஜ்" என்றார். எவ்வளவு நியாயமான பதில்! நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன்.

பேக்கேஜ் என்றால், பல தெருக்களைச் சேர்த்து ஒரே டெண்டராக விடுவது. அதற்கு முன்னால் வார்டு உதவிப் பொறியாளர் கெட்டுப்போன தெருக்களைப் பட்டியல் போட வேண்டும். நீளம், அகலம், எத்தனை கனம் என்று எஸ்டிமேட் எழுத வேண்டும். அரசு நிர்ணயித்த விலைப்பட்டியல் இருக்கிறது, அதை வைத்துத்தான் தொகை. அது மாநகராட்சியின் மண்டல அலுவலகத்துக்குப் போய், அனுமதி வாங்கி, டெண்டர் விட்டு, அதற்கப்புறம்தான் ஒர்க் ஆர்டர். சென்னையில் மட்டும் 200 வார்டு. உள் தெருக்கள் மட்டும் 5,000 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் வடகிழக்குப் பருவமழை வந்தால் எல்லாம் நிற்கும்.

ஒன்றை விட்டுவிட்டேன். ரோடு யாருடையது என்று முதலில் பாருங்கள். அண்ணா சாலை மாதிரி பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. பஸ் போகும் மற்ற பல சாலைகளுக்கு மாநகராட்சியில் தனிப் பிரிவு இருக்கிறது. உள் தெருக்கள் மண்டல அலுவலகத்தில். கவுன்சிலரிடம் போய் அண்ணா சாலைப் பள்ளத்துக்குச் சண்டை போட்டால் அவர் பாவம் என்ன செய்வார்?

பணம்? "வண்டி வாங்கும்போதே ரோடு டாக்ஸ் கட்டினேனே" என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். அந்தப் பணம் மாநில அரசுக்குப் போகிறது, உங்கள் தெரு ரோட்டுக்கென்று யாரும் அதைத் தனியாக எடுத்து வைப்பதில்லை. மாநகராட்சியின் சொந்த வருமானம் என்றால் சொத்து வரி, தொழில் வரி. அந்தச் சொத்து வரியை 2022-இல் ஏற்றினார்கள். எங்கள் ரசீதைப் பார்த்து அப்பா அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. அதற்கு மேல், மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பிரிந்து வரும். மத்திய நிதிக்குழு மானியம் உண்டு. சிங்காரச் சென்னை 2.0 மாதிரி திட்டப் பணம் உண்டு. எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி. நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும். இத்தனை பை இருக்கிறது. எந்தப் பையிலிருந்து எடுக்கலாம் என்று முடிவாவதற்குள்ளேயே பாதிக் காலம் போய்விடுகிறது.

ஆனால் என்னைக் கேட்டால் வயிற்றெரிச்சல் பணத்தில் இல்லை, வரிசையில்தான். முதலில் பைப், கேபிள், வடிகால். கடைசியில் தார். போன முறை தார் போட்ட சூடு ஆறுவதற்குள் ஒரு ஆள்கூட்டம் வந்து நடுவில் தோண்டியது. யார் என்று சொல்லமாட்டேன், வம்பு வேண்டாம். தோண்டுகிறவர்கள் சரிசெய்யும் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. கட்டணம் கட்டினால் ஒட்டு விழாதா? அந்த ஒட்டில் என் ஸ்கூட்டி மட்கார்டு உடைந்தது.

டெண்டர் ஆவணத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று இருக்கும். அதற்குள் ரோடு பெயர்ந்தால் கான்ட்ராக்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். உங்கள் தெருவுக்கு அது எப்போது முடிகிறது என்று கேட்டு வைத்துக்கொண்டு, பெயர்ந்தால் மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குப் போன் போடுங்கள்.

இப்போது எனக்குப் பிடிக்காத பகுதி. இந்த வேலையில் நடைபாதை இல்லை! நடப்பவர்களுக்காகவும் சைக்கிளுக்காகவும் போக்குவரத்துச் செலவில் 60 சதவீதம் ஒதுக்குவோம் என்று 2014-லேயே கொள்கை போட்ட ஊர் இது. பாண்டி பஜாரில் 2019-இல் அகலமான நடைபாதை வந்தது, நானும் போய் வீடியோ எடுத்தேன், சந்தோஷம். எங்கள் ஏரியாவுக்கு எப்போது? சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி நடக்க 1.8 மீட்டராவது இடைஞ்சல் இல்லாமல் இருக்க வேண்டும். எங்கள் மெயின் ரோட்டில் 90 சென்டிமீட்டர், அதிலும் ஒரு ஈ.பி. பெட்டி. பாட்டி ரோட்டில் இறங்கித்தான் நடக்கிறார். வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன், வீடியோவும் வரும். நீங்களும் உங்கள் பக்கத்து நடைபாதையை டேப் வைத்து அளந்து கீழே எழுதுங்கள். ஈ.பி. பெட்டியைக் கழித்துவிட்டு அளக்க வேண்டும், ஏமாற்றக் கூடாது.