32-ஆ, 128-ஆ?

(பினாங்கில் சிறுநீரக நோயாளிகளும் குடும்பத்தினரும் கூடிய தமிழ்க் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, டயாலிசிஸ் முடிந்த களைப்போடும் வந்து அமர்ந்திருக்கும் ஐயாமார்களே, அம்மாமார்களே, வணக்கம்.

நான் அறுவைச் சிகிச்சை நிபுணர் அல்ல. இரத்த வங்கி ஆய்வகத்தில் வேலை செய்பவன். ஆகவே, இரத்த வகை பொருந்தாத சிறுநீரக மாற்றில் பார்க்கப்படும் 'டைட்டர்' என்ற ஓர் எண்ணைப் பற்றி மட்டுமே பேசப் போகிறேன்.

கணவர் 'ஓ' வகை. சிறுநீரகம் தர முன்வரும் மனைவி 'ஏ' வகை. முன்பெல்லாம் இத்துடன் பேச்சு முடிந்துவிடும். ஏ, பி என்னும் சர்க்கரை அடையாளங்கள் சிவப்பணுக்களில் மட்டுமா இருக்கின்றன? சிறுநீரகத்து இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் இருக்கின்றன. ஓ வகைக்காரர் உடம்பில் இரண்டுக்கும் எதிரான ஆன்டிபாடிகள், அதாவது எதிர்ப்புப் புரதங்கள், குழந்தைப் பருவத்திலேயே உருவாகிவிடும். அவை புதிய உறுப்பின் குழாய்களைத் தாக்கினால் இரத்தம் உறைந்து உறுப்பு பாழாகும். 1980-களில் பெல்ஜியத்தில் கீ அலெக்சாண்டர் என்ற மருத்துவர் ஆன்டிபாடி உண்டாக்கும் அணுக்களைக் குறைக்க மண்ணீரலை அகற்றி, பிளாஸ்மா என்னும் இரத்தத்தின் திரவப் பகுதியிலிருந்த ஆன்டிபாடிகளை நீக்கி, இந்தத் தடையைத் தாண்டினார். இறந்தவர்களிடமிருந்து உறுப்பு கிடைப்பது அரிதான ஜப்பான் 1989 முதல் இம்முறையை வளர்த்தெடுத்தது. இப்போது பெரும்பாலும் மண்ணீரலில் கை வைப்பதில்லை. ரிடுக்சிமாப் என்ற மருந்து அந்த வேலையைச் செய்கிறது.

எவ்வளவு ஆன்டிபாடி இருக்கிறது என்று எப்படி அளக்கிறோம்? நோயாளியின் பிளாஸ்மாவை உப்புக் கரைசலால் இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று என்று இரட்டித்துக்கொண்டே நீர்க்கச் செய்து, ஒவ்வொன்றிலும் ஏ வகைச் சிவப்பணுக்களைச் சேர்ப்போம். அணுக்கள் திரளும் கடைசிக் குழாய் எதுவோ அதுதான் டைட்டர். 32-இல் திரண்டு 64-இல் திரளவில்லை என்றால் டைட்டர் 32. பல ஆய்வகங்களில் இதை இன்றும் மனிதக் கண்தான் பார்த்துச் சொல்கிறது. ஆகவே ஒரு படி முன்பின் வருவதை நாங்கள் மாற்றமாகவே கணக்கில் எடுப்பதில்லை. 16, 32 ஆகிவிட்டதென்று இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம்.

பினாங்கில் 32 என்று வந்தது, கோலாலம்பூரில் 128 என்கிறார்களே, நோய் முற்றிவிட்டதா என்று கேட்கிறார்கள். ஓர் இடத்தில் கண்ணாடிக் குழாயில் பார்த்திருப்பார்கள். மற்றோர் இடத்தில் ஜெல் நிரப்பிய நுண்குழாய்கள் கொண்ட அட்டையில். ஜெல் முறையில் எண் கூடுதலாக வருவது வழக்கம். சௌராஸ்தா சந்தையில் ஒரே மீனைக் காத்தி என்ற பழைய எடை அளவில் நிறுத்தால் ஓர் எண், கிலோவில் நிறுத்தால் வேறோர் எண். அங்கேயாவது மாற்றுக் கணக்கு உண்டு. டைட்டருக்கு அப்படி நிலையான கணக்கு எதுவும் இல்லை. சோதனைக்கு எடுத்த சிவப்பணு மாறினாலும் எண் மாறும். அதனால் ஒரே ஆய்வகம், ஒரே முறை என்று பிடிவாதமாக இருங்கள். முடிந்தால் உறைய வைத்த பழைய மாதிரியைப் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆய்வகத்துக்கு வேலை கூடும், கூடட்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆன்டிபாடியில் ஐஜிஎம், ஐஜிஜி என்று இரு வகை. ஐஜிஎம் பெரும்பாலும் இரத்தத்துக்குள்ளேயே இருப்பதால் பிளாஸ்மா மாற்றும்போது சட்டென்று இறங்கும். ஐஜிஜியில் ஏறத்தாழ பாதி திசுக்களில் கிடக்கிறது. இன்று இரத்தத்தில் குறைத்தால் நாளை அங்கிருந்து கசிந்து வந்து எண்ணை உயர்த்திவிடும். ஓ வகைக்காரர்களிடம் ஐஜிஜி அதிகம் காணப்படுவதால் அவர்களுக்குக் கூடுதல் பிளாஸ்மா மாற்று அமர்வுகள் தேவைப்படுவதுண்டு. ஆகவே அறிக்கையில் எந்த வகையின் டைட்டர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

பல மையங்கள் 8 அல்லது 16-க்கு இறங்கிய பிறகே அறுவைக்கு நாள் குறிக்கின்றன. அதன் பிறகு முதல் இரண்டு வாரங்கள்தான் கண்டம். டைட்டர் விறுவிறுவென ஏறினால் மருத்துவர்கள் உடனே செயல்படுவார்கள். அந்தக் காலம் கடந்தபின் ஆன்டிபாடி திரும்பி வந்தாலும் உறுப்பு அதோடு வாழப் பழகிவிடுவதைப் பெரும்பாலும் காண்கிறோம். முதல் வாரத்தில் அபாய மணி அடித்த அதே எண், ஆறாம் மாதத்தில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு சரியாக இருந்தால் எங்களை அவ்வளவாக உலுக்குவதில்லை.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். அறிக்கை கொண்டுவந்தவர்கள், சோதனை முறையின் பெயர் உள்ள பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.