செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த அறை

வணக்கம் நேயர்களே.

ஒரு நிறுவனத்தின் ஐ.டி. துறை எப்படி அந்தத் தொழிலுக்கே பங்காளி ஆவது என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். வீட்டில் தலைப்பைச் சொன்னதும் என் மாமா சிரித்துவிட்டார். "பங்காளின்னா நம்ம ஊர்ல வரப்புக்குக் கோர்ட்டுக்குப் போறவனுங்க மாப்பிள்ளை" என்றார். திருப்பூர் பக்கம் பனியன் ஏற்றுமதி கம்பெனிகளில் இருபது வருடங்களுக்கு மேல் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டவன் நான். மாமா சொன்னது முழுக்கத் தப்பில்லை. ஐ.டி.க்கும் உற்பத்திக்கும் நடுவே பல இடங்களில் நடப்பது வரப்புத் தகராறுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதற்கு ஐ.டி. என்ற பெயரே கிடையாது. 'இ.டி.பி.' என்பார்கள், எலக்ட்ரானிக் டேட்டா பிராசஸிங். கம்பெனியில் ஏ.சி. இருந்தது இரண்டே அறைகளில். ஒன்று முதலாளியுடையது, மற்றது எங்களுடையது. தூசி மெஷினுக்கு ஆகாது என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். கட்டிங் மாஸ்டரோ சாயப்பட்டறையிலிருந்து வந்த வண்டி டிரைவரோ அந்த அறையை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நாங்களும் வெளியே போக மாட்டோம். மாதக் கடைசியில் சம்பளப் பட்டியலை டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் அடித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. அக்கவுன்ட்ஸ் மேனேஜருக்குக் கீழே நாங்கள். அவர் பேரேட்டில் டீசல் மாதிரி, கரண்ட் பில் மாதிரி நாங்களும் ஒரு செலவு. செலவு என்றால் குறைக்கத்தானே தோன்றும்?

ஆனால் கம்ப்யூட்டர் முதன்முதலில் வியாபாரத்துக்குள் வந்த கதை இப்படிப் பூட்டிய அறையில் தொடங்கவில்லை. அது டீக்கடையில் தொடங்கியது.

லண்டனில் ஜே. லயன்ஸ் என்று ஒரு கம்பெனி. இங்கிலாந்து எங்கும் நூற்றுக்கு மேற்பட்ட டீக்கடைகள், அவற்றுக்கு கேக்கும் ரொட்டியும் அனுப்பப் பெரிய பேக்கரி. ஒரு பன் விற்றால் கிடைக்கும் லாபம் சில்லறைக் காசு. அந்தச் சில்லறையைக் கணக்குப் போடவே ஒரு படை குமாஸ்தாக்கள் வேண்டியிருந்தது. 1947இல் இரண்டு மேனேஜர்களை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே போனபோதுதான், தங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 'எட்சாக்' என்ற கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்தது. லயன்ஸ் கேம்பிரிட்ஜுக்கு 3,000 பவுண்டும் உதவிக்குத் தங்கள் ஆள் ஒருவரையும் கொடுத்தது. எட்சாக் ஓடியதும் அதே வழியில் சொந்தமாக ஒன்றைச் செய்துகொண்டது. அதன் பெயர் லியோ. 1951 நவம்பரில் அது பேக்கரிக் கணக்கைப் போடத் தொடங்கியது. அலுவலக வேலையை அன்றாடம் செய்த முதல் கம்ப்யூட்டர் அதுதான் என்கிறார்கள். டீக்கடைக்காரர்கள் கட்டியது!

எனக்குப் பிடித்த இடம் அதற்கு அப்புறம் வருகிறது. ஒவ்வொரு கடையின் பொறுப்பாளரும், பெரும்பாலும் பெண்கள், நாளைக்கு எத்தனை கேக், எத்தனை ரொட்டி வேண்டும் என்று தினமும் நீளமான படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தப் படிவத்தை அப்படியே மெஷினுக்குள் தள்ளியிருக்கலாம். நாமாக இருந்தால் அதைத்தான் செய்திருப்போம், 'டிஜிட்டல் ஆக்கிவிட்டோம்' என்று கேக்கும் வெட்டியிருப்போம். லயன்ஸ் ஆட்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். திங்கட்கிழமைக்கு வழக்கமாக இவ்வளவு, செவ்வாய்க்கு இவ்வளவு என்று கடைக்குக் கடை ஒரு நிலையான ஆர்டரை மெஷினிடம் கொடுத்துவிட்டார்கள். நாளைக்கு அதில் ஏதாவது மாறுகிறதா என்பதை மட்டும் அந்த அம்மா போனில் சொன்னால் போதும். மறுமுனையில் ஒரு பெண் கேட்டுக்கொண்டே, மெஷின் படிக்கும் அட்டையில் துளையிடுவார். பேக்கரி எவ்வளவு சுட வேண்டும், எந்தக் கடைக்கு என்ன ஏற்ற வேண்டும் என்பதை லியோ சொல்லிவிடும்.

'மாறியதை மட்டும் சொல்' என்ற யோசனைக்கும் மின்னணுவியலுக்கும் சம்பந்தமே இல்லை. அது கடையைத் தெரிந்தவனுக்கு வரும் யோசனை. லயன்ஸில் ஜான் சிம்மன்ஸ் என்ற கணித மேதை 1923இலேயே சேர்ந்திருந்தார். அலுவலக வேலைகள் எப்படி நடக்கின்றன என்று ஆராய்வதற்கென்றே அங்கே ஒரு பிரிவு, கம்ப்யூட்டர் என்ற சொல் கணக்குப் போடும் மனிதரைக் குறித்த காலத்திலேயே இருந்தது. லியோவுக்கு வேலைகளை வடிவமைத்த டேவிட் கேமினர் அந்தப் பிரிவிலிருந்து வந்தவர். முதலில் வேலையைப் படித்தார்கள், பிறகு மெஷினைக் கட்டினார்கள்.

நான் செய்தது தலைகீழ். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு கம்பெனியில் பெரிய செலவில் ஈ.ஆர்.பி., அதாவது எல்லாப் பிரிவுகளின் கணக்கையும் ஒரே இடத்தில் பார்க்கும் மென்பொருள், போட்டோம். துணி இருப்பு ரிப்போர்ட் ஒன்றை வண்ண வண்ணமாகச் செய்து முதலாளி மேசையில் வைத்தேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதை யாருமே திறப்பதில்லை. கட்டிங் மாஸ்டர் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார், ஆர்டரை ஆரம்பம் முதல் கப்பல் ஏறும்வரை பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் அவரிடம் போய்த்தான் கேட்பார். எனக்குக் கோபம். ஒருநாள் கட்டிங் ஹாலுக்கே போய், ஏன் என் ரிப்போர்ட்டைப் பார்ப்பதில்லை என்று கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, அதுல இருக்கறது போன வாரத்துத் துணிங்க. எனக்கு இன்னைக்கு டேபிள்ல விரிக்கற துணி வேணுங்க."

அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு நாலு நாள் உட்கார்ந்தேன். விஷயம் இதுதான். நூறு கிலோ துணி சாயத்துக்குப் போனால் நூறு கிலோவாகத் திரும்பாது. நிறத்தையும் துணியையும் பொறுத்துக் கொஞ்சம் குறையும், அதற்கு அளவு பேசி வைத்திருப்பார்கள். அந்த அளவையும் தாண்டிக் குறைந்திருந்தால், அது தெரிய வருவது பாதி வெட்டிய பிறகு. அப்புறம் மறுபடி நூல், மறுபடி நிட்டிங், மறுபடி சாயம். கப்பல் தேதி தவறும். சரக்கை வாங்கும் பையர் விட மாட்டார், சரக்கு விமானத்தில் போகும், அந்தச் செலவு நம் தலையில். அந்த ஆர்டரில் கிடைக்க வேண்டிய லாபம் அங்கேயே போய்விடும்.

நாங்கள் கடைசியில் செய்தது சின்ன வேலை. கேட்டில் இருந்த எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். சாயப்பட்டறை வண்டி வந்ததும் டெலிவரி சலான் நம்பரையும் எடையையும் அடிக்க வேண்டும். பேசிய அளவுக்கு மேல் குறைந்தால் அன்று சாயங்காலமே மெர்ச்சண்டைசருக்குத் தெரிந்துவிடும். பெரிய ஈ.ஆர்.பி.யை விட இந்த ஒரு திரைக்குத்தான் என்னைப் பாராட்டினார்கள். மாஸ்டரின் நோட்டு மட்டும் போகவில்லை. அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐ.டி. ஆட்கள் மற்ற பிரிவுகளை 'கஸ்டமர்' என்று அழைப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கஸ்டமர் கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம், அவர் கேட்டதே தப்பு என்று சொல்ல முடியாது. கூட்டாளிக்கு அந்த உரிமை உண்டு. கண்காட்சியில் பார்த்த மென்பொருளை வாங்கச் சொல்லும் முதலாளியிடம், இதைப் போட்டால் நம் ஜாப்வொர்க் கணக்கு, அதாவது சாயம் மாதிரி வெளியே கொடுத்துச் செய்யும் வேலைகளின் கணக்கு, சரிப்படாது என்று நேருக்கு நேர் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல ஜாப்வொர்க் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று எங்களை அறைக்குள் வைத்துப் பூட்டவும் முடியாது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2020 அக்டோபரில், 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மின் இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு தளத்தில் பதிந்து நம்பர் வாங்குவது, கட்டாயமானது. 2023 ஆகஸ்டில் அந்த வரம்பு 5 கோடிக்கு இறங்கிவிட்டது. அரசு தளத்திலிருந்து நம்பர் வராமல் சரக்கு லாரியை வெளியே விட முடியாது. இன்டர்நெட் போனால் முன்பு நாங்கள்தான் பதறுவோம். இப்போது டெஸ்பாட்ச் ஆள்தான் முதலில் ஓடி வருகிறார்.

கடைசியாக, மேர்ஸ்க். சரக்கு அனுப்பும் எல்லோருக்கும் தெரிந்த டென்மார்க் கப்பல் கம்பெனி. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற வைரஸ் அதன் கம்ப்யூட்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக அழித்தது. மும்பைக்குப் பக்கத்தில் உள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்திய முனையம்கூடத் தடுமாறியது. யார் யார் உள்ளே நுழையலாம் என்று ஆள் அடையாளம் பார்க்கும் சர்வர்கள், அதாவது மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் பொதுவான பெரிய கம்ப்யூட்டர்கள், உலகம் முழுக்கச் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. எல்லாம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. தப்பியது ஒன்றே ஒன்று, கானா நாட்டில். காரணம் என்ன தெரியுமா? அங்கே அப்போது கரண்ட் இல்லை! கரண்ட் கட்டைத் திட்டியே வளர்ந்த எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. பத்து நாளில் 4,000 சர்வர்கள், 45,000 கம்ப்யூட்டர்களை மறுபடி நிறுவினார்கள். அதுவரை ஆட்கள் கையாலேயே வேலை செய்து பெரும்பகுதிச் சரக்கை நகர்த்தினார்கள். அப்படியும் நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் வரை.

அதைப் படித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை என் ஆட்களை வரச் சொல்லி, எங்கள் பேக்கப்பை, அதாவது டேட்டாவின் மாற்றுப் பிரதியை, எடுத்து ஒரு பழைய மெஷினில் ஏற்றிப் பார்த்தோம். தினமும் தவறாமல் எடுத்த பேக்கப். இரண்டு மாதத்து டேட்டா திறக்கவே இல்லை. முதலாளிக்குப் போன் செய்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். வண்டி எடுத்துக்கொண்டு நேரில் வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எல்லாம் போச்சுன்னா எதை முதல்ல எழுப்பணும்?" என்று கேட்டார். நான் ஷிப்பிங் டாக்குமென்ட் என்றேன். அவர் சம்பளம் என்றார். வாக்குவாதம் தீரவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குக் கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டோம். கேட் எடை என்றார் அவர்.

மூன்றையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டினோம். வரிசை அதற்குப் பிறகு இரண்டு தடவை மாறியிருக்கிறது. கேட் எடை இன்னும் முதலிடத்தில்தான்.

நன்றி, வணக்கம்.