உழக்குக் கணக்கு

அவைத் தலைவர் ஐயா அவர்களே, கோயில் அறங்காவலர்களே, தமிழ்ப் பள்ளி ஆசிரியைகளே, முன்வரிசையில் இடம் கிடைக்காமல் தூணோரம் நிற்கும் கவுன்சிலர் அவர்களே (தம்பி, ஐயாவுக்கு ஒரு நாற்காலி கொடுப்பா), இந்த மண்டபத்தை இன்று வாடகை வாங்காமல் தந்திருக்கும் சங்கத்தாரே, பின்கட்டில் காய்கறி பிரியாணி கிண்டிக்கொண்டிருப்பதால் பெண்கள் தினப் பேச்சைக் கேட்க முடியாத மாதர் சங்கச் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

குடும்பம், கூலி, சொத்து என்று மூன்று தலைப்பில் பேசுவேன் என அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பார்ப்போம்.

'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது' என்பார்கள். இந்தப் பழமொழியைக் கேட்காமல் என்னிடமிருந்து தப்பியவர்கள் குறைவு. உழுதவன் கதி இது என்றால், அவனுக்குக் கஞ்சி கொண்டுபோனவள் கணக்கு?

1884இல் கார்ல் மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் அதைக் கேட்டார். சொத்து தனியார் கைக்கு வந்தது. அதைத் தன் பிள்ளைக்கே விட்டுப்போக ஆண் விரும்பினான். அதற்காகப் பெண் வீட்டுக்குள் அடைக்கப்பட்டாள், ஊருக்குப் பொதுவாக இருந்த அவள் உழைப்பு புருஷனுக்குச் செய்யும் சேவையாகச் சுருங்கியது என்றார். 1972இல் மரியாரோசா தல்லா கோஸ்தா, செல்மா ஜேம்ஸ் என்ற இரண்டு பெண்ணியவாதிகள் இன்னும் நேராகக் கேட்டார்கள்: தொழிலாளி நாளைக் காலை மறுபடி ஆலை வாசலில் நிற்கும்படி சோறு போட்டு, துணி துவைத்து அனுப்புவது யார்? அந்த வேலை முதலாளிக்குச் சும்மா கிடைக்கிறது. வீட்டு வேலைக்குக் கூலி கொடு என்ற இயக்கம் அங்கே பிறந்தது.

இது எனக்குப் புரிந்தது என் தாய்மாமனால். டர்பனில் நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறார், கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமிக்கு இடுப்பில் ஆப்பரேஷன். வீட்டில் மாமா, மகன், இரண்டு பேரப்பிள்ளைகள். எதையும் எழுதாவிட்டால் மாமாவுக்குத் தூக்கம் வராது. ஒரு நோட்டைத் திறந்தார். முதல் வரி, கடையில் வாங்கிய பன்னி சோ, அதுதான் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருவார்களே, அது. அப்புறம் லாண்டரி. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேன். பேத்திக்குத் தலை பின்னிவிட்ட பக்கத்து வீட்டுப் பெண் காசு வாங்கமாட்டேன் என்றதால் ஒரு கேக். 'ஜடைக்குக் கேக்' என்றே எழுதியிருந்தார். தன் மாத்திரையில் எது காலை, எது ராத்திரி என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாமியிடம் கேட்ட போன் செலவுகூட உண்டு. மாசக் கடைசியில் கூட்டினார். நம்பாமல் மறுபடி கூட்டினார். பென்ஷனைத் தாண்டிவிட்டது! மாமி திரும்பி வந்ததும் நோட்டை நீட்டினார். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "வெள்ளிக்கிழமை காமாட்சி விளக்க யாரு துலக்குனது? அத எழுதலயே?"

சிரித்தது போதும். அந்த நோட்டில் இன்னொரு வரி இருந்தது: 'வேலைக்காரி.' பெயர் இல்லை. கறுப்பின மக்கள் வாழும் உம்லாசியிலிருந்து விடிவதற்குள் டாக்சி பிடித்து, தன் பிள்ளையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து, மாமியின் வேலையில் பாதியைச் செய்தவர் அவர். அவ்வளவு வேலைக்கு எழுதியிருந்த தொகையைச் சொல்ல எனக்கு வெட்கம்.

அமெரிக்கக் கறுப்பினப் போராளி ஏஞ்சலா டேவிஸ் 1981இல் கூலி இயக்கத்தை மறுத்தது இந்த இடத்தில்தான். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வீட்டில் கூலிக்கு வேலை செய்தார்களே, அந்தக் கூலியால் விடுதலை வந்ததா என்று கேட்டார். அவர் பக்கம்தான் நான்.

தென்னாப்பிரிக்கத் தமிழர் நமக்கு இது தெரியாததா? 1860 நவம்பர் 16இல் டுரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்தது. கரும்புத் தோட்டத்தில் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. ஒப்பந்தம் முடிந்து இங்கேயே தங்கியவர்கள் மீது மூன்று பவுண்டு வரி. பின்னால் அது 13 வயது தாண்டிய பெண்பிள்ளைகள் மேலும் விழுந்தது. 1913இல் டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து எல்லை தாண்டி நேட்டாலில் உள்ள நியூகாசில் போய், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவர்கள் நம் பெண்கள். அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை, அங்கே பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22இல் இறந்தார். அந்த வருஷமே வரி ஒழிந்தது.

அரைக்கூலிப் பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் இன்று கூலி கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். 2012இல் பிரிட்டோரியாவில் வீட்டு வேலை செய்த ஒரு அம்மாள் முதலாளி வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் 1993ஆம் வருஷச் சட்டம் வீட்டுப் பணியாளரை விலக்கி வைத்திருந்தது. மகள் வழக்குப் போட்டார். அப்படி விலக்கியது செல்லாது என்று 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உழுதவளும் கணக்குப் பார்க்கலாம் என்று சட்டம் சொல்லிவிட்டது. உழக்கை அளக்க வேண்டியது நாம்.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சொத்தைப் பற்றி அடுத்த வருஷம் பேசலாம், கூப்பிட்டால். இந்த விஷயத்தை மட்டும் விடமாட்டேன். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் உங்கள் வீட்டில் ஒருவர் வேலை செய்தால், வேலையிழப்புக் காப்பீட்டு நிதியில் அவரைப் பதிய வேண்டியது உங்கள் கடமை. அவர் சம்பளத்தில் நூற்றுக்கு 1, உங்கள் பங்கு 1. இழப்பீட்டு நிதியில் தனியாகப் பதிய வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை இதே மண்டபத்தில் மேசை போட்டு நாங்களே படிவம் நிரப்பித் தருகிறோம். அவருடைய அடையாள எண்ணும் சம்பள விவரமும் வேண்டும். முழுப் பெயர் தெரியாதவர்கள் இன்றைக்கே அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

நன்றி, வணக்கம்.