காஃப்காவுல எஸ்எஸ்எல் ஹேண்ட்ஷேக் ஃபெயில் ஆனா அந்த ஒரு வரியை காலியா விடலாமா?

சரி, அடுத்த கேள்வி. ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணா, மூணு புரோக்கர் வச்சு காஃப்கா கிளஸ்டர் போட்டிருக்கேன், சர்டிஃபிகேட் எல்லாம் பண்ணி 9093ல எஸ்எஸ்எல் திறந்தாச்சு, கன்ஸ்யூமரை ஓட்டினா ஹேண்ட்ஷேக் ஃபெயில்னு வருது. எண்ட்பாயிண்ட் ஐடென்டிஃபிகேஷன் அல்காரிதம்னு ஒரு செட்டிங், அதை காலியா விட்டா ஓடுது, அப்படியே விட்டுடலாமா?"

விடாதீங்க தம்பி. இதை நிறைய பேர் பண்றாங்க, அதான் கொஞ்சம் நிதானமா சொல்றேன். புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வரி: காஃப்கான்னா ஆப்புகளுக்கு நடுவுல மெசேஜ் கடத்தற சாஃப்ட்வேர், புரோக்கர்னா அதோட சர்வர், கன்ஸ்யூமர் மாதிரி அதோட பேசற புரோகிராம்தான் கிளையண்ட், ஹேண்ட்ஷேக்னா பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சர்டிஃபிகேட்டை காட்டி சரிபார்க்கறது.

முதல்ல கீஸ்டோர், ட்ரஸ்ட்ஸ்டோர் ரெண்டையும் குழப்பிக்காதீங்க. கம்யூனிட்டி சர்டிஃபிகேட் எடுத்துட்டு காலேஜுக்கு போறோம்ல, நம்ம கையில இருக்கற சர்டிஃபிகேட், அது கீஸ்டோர். யார் சீல் இருந்தா நம்பலாம், தாசில்தார் சீலா, வேற யாரோடதான்னு காலேஜ்காரங்க வச்சிருக்கற லிஸ்ட், அது ட்ரஸ்ட்ஸ்டோர். புரோக்கருக்கு கீஸ்டோர் கட்டாயம், கிளையண்ட்டுக்கு ட்ரஸ்ட்ஸ்டோர் இருந்தா போதும். புரோக்கர்ல கிளையண்ட் ஆத் ரிக்வயர்டுன்னு, அதாவது கிளையண்ட்டும் சர்டிஃபிகேட் காட்டணும்னு, போட்டிருந்தா மட்டும் ரெண்டு பக்கமும் ரெண்டும் வேணும்.

இப்ப சீல் சரியா இருக்கு, ஆனா உள்ள இருக்கற பேர் வேற ஆளோடதுன்னா காலேஜ்ல சேர்ப்பாங்களா? உங்க எர்ரர் அதுதான், அந்த பேரை செக் பண்றதுதான் நீங்க காலியாக்கின செட்டிங். காலியா விட்டா ஓடுதுன்னு நீங்க சொல்றதுலயே தெரியுது, சீல் பாஸ் ஆயிடுச்சு, பேர்தான் ஒத்துப்போகல. காஃப்கா 2.0, 2018ல வந்தது, அதுல இருந்து இந்த பேர் செக் டிஃபால்ட்டாவே ஆன்ல இருக்கு, அதுக்கு முன்னாடி ஆஃப். அதனாலதான் பழைய செட்டப்பை அப்கிரேட் பண்ணவங்க நிறைய பேர் இந்த வரியை காலியாக்கிட்டு போயிட்டாங்க.

காலியா விட்டா என்க்ரிப்ஷன் இருக்கும், ஆனா யார்கிட்ட பேசறோம்னு தெரியாது. அதே சிஏ, அதாவது தாசில்தார் மாதிரி சீல் போடற இடம், கையெழுத்து போட்ட எந்த சர்டிஃபிகேட்டை யார் காட்டினாலும் கிளையண்ட் நம்பிடும். உங்க கம்பெனி சிஏலயே கிளையண்ட்டுக்கும் சர்டிஃபிகேட் கொடுத்திருந்தீங்கன்னா, பெரும்பாலும் அதுல ஒண்ணை வச்சிருக்கற யாரும் நடுவுல உக்காந்து நான்தான் புரோக்கர்னு சொல்லிடலாம். அப்புறம் எதுக்கு இவ்வளவு கஷ்டப்பட்டு எஸ்எஸ்எல் போட்டோம்?

சரி பண்றது எப்படின்னா, சர்டிஃபிகேட்ல சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம், சுருக்கமா சான்னு சொல்வோம், அதுல புரோக்கரோட பேர் இருக்கணும். எந்த பேர்? இங்கதான் காஃப்கா மத்த சர்வர் மாதிரி கிடையாது. பூட்ஸ்ட்ராப்னு நீங்க கொடுக்கற அட்ரஸுக்கு கிளையண்ட் முதல்ல போகும், அங்க அது மெட்டாடேட்டா, அதாவது எந்த புரோக்கர் எங்க இருக்குன்ற விவரம், வாங்கும், அதுல புரோக்கரோட அட்வர்டைஸ்டு லிசனர்ஸ்ங்கற செட்டிங்ல போட்டிருக்கற அட்ரஸ் வரும், அதுக்கப்புறம் அந்த அட்ரஸுக்குத்தான் கனெக்ட் பண்ணும். அதனால பூட்ஸ்ட்ராப் பேரும் வேணும், அட்வர்டைஸ் பண்ற பேரும் வேணும், மூணு புரோக்கருக்கும் அவங்கவங்க பேரு. அட்வர்டைஸ்டுல ஐபி போட்டிருந்தா சான்லயும் அதை ஐபின்னே சேர்க்கணும், டிஎன்எஸ்னு சேர்த்தா ஒத்துக்காது.

இன்னொண்ணு, இதுல நானே ஒரு நாள் பூரா மாட்டிக்கிட்டேன். சிஏகிட்ட சர்டிஃபிகேட் கேக்கற ரிக்வெஸ்ட் ஃபைல்ல சானை ஒழுங்கா போட்டிருப்போம், ஆனா ஓப்பன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 கமாண்ட்ல சைன் பண்றப்ப அது எக்ஸ்டென்ஷனை தானா காப்பி பண்ணாது, எக்ஸ்ட்ஃபைல்னு தனியா கொடுக்கணும். கொடுக்கலன்னா சான் இல்லாத சர்டிஃபிகேட் வரும், எந்த எர்ரரும் காட்டாது. அதனால சைன் பண்ணி முடிச்சதும் கீடூல்ங்கற ஜாவா கமாண்ட்ல லிஸ்ட், கூட -v ஆப்ஷனும் போட்டு சான் வரி இருக்கான்னு கண்ணால பாத்துட்டு அப்புறம் புரோக்கர்ல வைங்க.

வேற ரெண்டு எர்ரரும் அடிக்கடி வரும், சொல்லிடறேன். கிளையண்ட்ல செக்யூரிட்டி புரோட்டோகால் எஸ்எஸ்எல்னு போட மறந்துட்டு 9093க்கு போனீங்கன்னா அவுட் ஆஃப் மெமரி, ஜாவா ஹீப் ஸ்பேஸ்னு வரும், பயந்துபோய் ரேமை ஏத்தாதீங்க, திரும்ப வந்த டிஎல்எஸ் (எஸ்எஸ்எல்லோட புது பேர்) பைட்டை மெசேஜ் சைஸ்னு நினைச்சு அவ்வளவு மெமரி கேக்குது, அவ்வளவுதான். அதையே திருப்பி, எஸ்எஸ்எல் கிளையண்ட் 9092 ப்ளெயின்டெக்ஸ்ட் போர்ட்டுக்கு போனா புரோக்கர் லாக்ல இன்வேலிட் ரிசீவ், சைஸ் 369295616னு வரும். அந்த நம்பரை ஹெக்ஸ்ல மாத்திப் பாருங்க, 16 03 01 00, டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்கோட முதல் நாலு பைட். இந்த நம்பரை பாத்தா போர்ட்டை மட்டும் மாத்துங்க.

அப்புறம் எக்ஸ்பைரி. எக்ஸ்பைரியை ஹேண்ட்ஷேக் நேரத்துல மட்டும்தான் பாக்கும், ஓடிக்கிட்டு இருக்கற கனெக்ஷன் ஓடிக்கிட்டே இருக்கும். தேதி முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு யாராவது ஆப்பை ரீஸ்டார்ட் பண்ணுவாங்க, அப்ப கனெக்ட் ஆகாது, எல்லாரும் புது ரிலீஸ்லதான் தப்புன்னு தேடுவாங்க. தேதிக்கு ஒரு மாசம் முன்னாடியே அலர்ட் வைங்க.

இப்போதைக்கு நீங்க சானோட சர்டிஃபிகேட்டை மறுபடி பண்ணி, ஒரு புரோக்கரை மாத்தி ரீஸ்டார்ட் பண்ணி, அது நல்லா சேர்ந்ததும் அடுத்தது, அப்படி மூணையும் முடிங்க. முடிச்சதும் கிளையண்ட்ல அந்த காலி வரியை எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க, இன்னும் ஃபெயில் ஆச்சுன்னா எர்ரர்ல காஸ்டு பைன்னு ஆரம்பிக்கற கடைசி வரியை எனக்கு அனுப்புங்க.