ஓடி முடித்த குதிரைக்கு இன்னொரு வேலை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு கோயிலில் மதுரை வீரன் வெள்ளைக் குதிரையில் உட்கார்ந்திருப்பார். குதிரைக்கு முன்னங்கால் இரண்டும் ஆகாயத்தில், வாய் திறந்திருக்கும், கடிவாளம் இறுகியிருக்கும். சாமி விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள், குதிரை என்றால் இழுத்துப் பிடித்து அடக்க வேண்டியது என்று மனதில் எழுதிக்கொள்கிறார்கள். நான் இன்றைக்குப் பேசப்போவது முழுக்க அதற்கு எதிர்த்திசையில்.

என் அப்பா ஈப்போவில் பந்தயக் குதிரைகளுக்கு சைஸாக இருந்தவர். விடியுமுன் எழுந்து, குதிரையைத் தேய்த்து, நடக்க விட்டு, கால் கழுவி, வைக்கோல் மாற்றுகிற வேலை. அந்த லாயத்துச் சாண வாசனையில்தான் நான் வளர்ந்தேன். இப்போது செம்பனை, அதாவது பாமாயில் எடுக்கிற பனை, அந்தத் தோட்டத்தை ஒட்டிய ஒரு துண்டு நிலத்தில், ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகளை வைத்துச் சவாரிக்குப் பழக்குகிறேன்.

ஏன் இப்போது இதைப் பேச வேண்டும்? சிங்கப்பூர் கிராஞ்சிக் குதிரைப் பந்தயத் திடலில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. அதை நடத்தியது 1842-இல் ஆரம்பித்த கிளப். மறு வருஷம் பினாங்கிலும் பந்தயம் நின்றுபோனது. ஓடுகிற இடம் குறையக் குறைய, வேலை இல்லாத குதிரைகள் கூடுகின்றன. பந்தயக் குதிரை இரண்டு, மூன்று வயதில் ஓட ஆரம்பித்து, பெரும்பாலும் எட்டு வயதுக்குள் ஓய்ந்துவிடும். ஆனால் நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபத்தைந்து வருஷம் உயிரோடு இருக்கும். மிச்சம் இருக்கிற அந்தக் காலத்துக்கு அது என்ன செய்யும்?

சவாரிக்குப் பழக்கலாம். குதித்துத் தாண்டும் போட்டிக்குக்கூடக் கொண்டு போகலாம். ஆனால் முதல் பாடம் மனிதனுக்குத்தான். இழுக்காதீர்கள். இதை நான் இன்றைக்கு மூன்று நான்கு தடவை சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு குத்தகைக்காரர். மகள் ஆசைப்பட்டாள் என்று பந்தயத்திலிருந்து ஓய்ந்த ஒரு குதிரையை வாங்கிவிட்டார். அழகான செம்பழுப்புக் குதிரை, காயடித்த ஆண். லோரியிலிருந்து இறக்கிய மறுநாளே, அவருடைய தம்பி மகன் ஏறி உட்கார்ந்துவிட்டான். செம்பனைக் குலையைக் கொக்கியில் குத்தி லோரியில் எறிகிற பையன். கை இரண்டும் உலக்கை. அவன் நினைப்பு என்ன? ஓடினால் இழுத்து நிறுத்திவிடலாம். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் குதிரை கொஞ்சம் விரைந்தது. பையன் இழுத்தான். குதிரை இன்னும் விரைந்தது. பையன் பின்னால் சாய்ந்து, காலை முன்னால் ஊன்றி, முழுப் பலத்தோடு இழுத்தான். அவ்வளவுதான், குதிரை காதை மடக்கிக்கொண்டு நான்கு கால் பாய்ச்சலில் கிளம்பிவிட்டது. இரண்டு பக்கமும் செம்பனை வரிசை பறக்கிறது. ஆலைக் காவலாளி ஜாகா வீட்டு வாசலில் தடுப்புக் கம்பி. நல்லவேளை, லோரி ஒன்று வெளியே போக அப்போதுதான் கம்பியைத் தூக்கியிருந்தார்கள். குதிரை உள்ளே நுழைந்து எண்ணெய் ஆலையைப் பார்த்து ஓடுகிறது. பையனுக்குக் கை மரத்துவிட்டது. செத்தோம் என்று கடிவாள வாரை விட்டுவிட்டுப் பிடரி மயிரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

என்ன நடந்தது தெரியுமா? குதிரை மெதுவானது. பாய்ச்சல் துள்ளோட்டமாகி, துள்ளோட்டம் நடையாகி, கடைசியில் லோரிகளை எடை போடுகிற ஆலையின் எடைமேடை மேலேயே போய் நின்றது. எடை எழுதுகிற கிராணி வெளியே எட்டிப் பார்த்து, “டிக்கெட் போடவா?” என்று கேட்டாராம். பையன் என்னிடம் வந்து சொன்னது இதுதான்: “அக்கா, நான் பிடிச்சப்ப ஓடுச்சு, விட்டப்ப நின்னுடுச்சு. இதுக்கு மூளை சரியில்ல.”

மூளை ரொம்பச் சரியாக இருந்தது, நேயர்களே. ஓட்டக்களத்தில் ஜாக்கி கடிவாள வாரைக் குறுக்கே பிடித்துக் குதிரையின் கழுத்தில் ஊன்றிக்கொள்வார். வாயில் இருக்கிற இரும்பின் மேல் குதிரை சாய்ந்துகொண்டு ஓடும். அந்த இறுக்கம்தான் அதற்குத் தாங்கல். இறுக்கம் வந்தால் ஓட்டம் என்று கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். எல்லைக்கோடு தாண்டியதும் ஜாக்கி கால் வைக்கிற அங்கவடியில் எழுந்து நின்று வாரைத் தளர்த்துவார். தளர்ந்தால் வேலை முடிந்தது. அதாவது, நம் லோரியில் பிரேக் இருக்கிற இடத்தில் அதற்கு வேகம் கூட்டுகிற எண்ணெய் மிதி இருக்கிறது. அந்தக் குதிரை அன்றைக்கு ஒரு தப்பும் செய்யவில்லை, படித்த பாடத்தை அப்படியே ஒப்பித்தது.

அப்படியானால் எப்படி நிறுத்துவது? இருக்கையில் ஆழமாக உட்காருங்கள். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். விரலை மூடித் திறங்கள், மூடித் திறங்கள். மூடியே வைத்திருக்காதீர்கள். பெரிய வட்டமாகத் திருப்புங்கள். தரையிலிருந்தே நீளக் கயிற்றில் நடக்க விட்டு, “ஹோ” என்ற ஒரு சொல்லுக்கு நிற்கப் பழக்குங்கள். பிறகு முதுகில் உட்கார்ந்து அதே சொல்.

ஆனால் அதற்கும் முன்னால் ஓய்வு. வந்த வாரமே சேணம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பந்தயத்தில் இருக்கும்போது தானியம் அள்ளிக் கொடுப்பார்கள், ஓட்ஸ், தவிடு, எல்லாம். வேலை இல்லாமல் அதே தீனி போட்டால் குதிரை சுவரில் ஏறும். தானியத்தை இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பச்சைப் புல்லையும் உலர்ந்த புல்லையும் கூட்ட வேண்டும். சட்டென்று மாற்றினால் வயிற்று வலி, அது உயிருக்கே ஆபத்து. குதிரையின் இரைப்பை இரவு பகலாக அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். அதனால் பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றில் புண் இருக்கும். மென்றுகொண்டே இருக்க ஏதாவது முன்னால் இருக்க வேண்டும்.

புல் விஷயத்தில் மாடு வளர்க்கிறவர்களிடம் யோசனை கேட்காதீர்கள். மன்னிக்கணும், மாட்டுக்காரர்கள் எனக்கு உறவுக்காரர்கள்தான், இருந்தாலும் சொல்கிறேன். மாட்டுக்கு என்று நடுகிற செட்டாரியா புல் பச்சைப்பசேலென்று வளரும். அதில் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். மாட்டு வயிற்றில் இருக்கிற கிருமிகள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அது கால்சியத்தைக் கட்டிப்போடும். மாதக் கணக்கில் அதையே தின்றால் எலும்பிலிருந்து கால்சியம் உருவப்பட்டு, முகத்து எலும்பு வீங்கி, நொண்ட ஆரம்பிக்கும். நேப்பியர் புல்லிலும் இந்த ஆக்சலேட் உண்டு. ஒரே புல்லையே போடாமல், கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கால்சியம் சேர்த்துக் கொடுங்கள்.

இன்னொன்று, வெயில். இங்கே ஓடுகிற குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்தவை. நம் ஊர்ப் புழுக்கத்தில் சிலவற்றுக்கு வியர்வையே நின்றுபோகும். தோல் காய்ந்திருக்கும், மூக்குத் துவாரம் விரிந்து மூச்சு வாங்கும். குதிரை வாயால் மூச்சு விட முடியாத பிராணி என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதனால் வேலை விடியற்காலையில். முடிந்ததும் தண்ணீர் அடித்து, காற்றாடி போட்டு, உப்பு நக்க வையுங்கள்.

பந்தயத்துக்கு அடிக்கிற மெல்லிய அலுமினிய லாடத்தைக் கழற்றிவிடலாம். குளம்பு மாதத்துக்கு ஆறிலிருந்து பத்து மில்லிமீட்டர்தான் வளரும், முழுசாகப் புதுக் குளம்பு வர ஏறக்குறைய ஒரு வருஷம். முன்னங்கால் தசைநாரை மருத்துவர் ஸ்கேன் செய்து பார்க்கட்டும். அடிபட்ட தசைநார் ஆற மாதக்கணக்காகும். ஆறாமல் ஏறிவிட்டால் திரும்பவும் போய்விடும்.

பிறகு பழக்கம். ஏறுவதே பெரிய பாடம். ஜாக்கியை யாராவது கால் பிடித்துத் தூக்கிவிடுவார்கள், குதிரை நடந்துகொண்டிருக்கும்போதேகூட. நாற்காலி போட்டு ஏறுகிற வரைக்கும் அசையாமல் நிற்க அதற்குத் தெரியாது. ஜாக்கியின் கால் மேலே மடங்கியிருக்கும், நம் கால் விலாவைத் தொங்கித் தொடும். அந்தத் தொடுதலே புதுசு. சின்ன வட்டமாக ஓடவும் தெரியாது, ஏனென்றால் நீளக் களத்தில்தான் வாழ்ந்திருக்கிறது. அதனால் நடை, நடை, நடை. செம்பனைத் தோட்டத்துச் சாலையில் நடப்பதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. குலை வெட்டுகிறவர்கள் கம்பில் கட்டிய அரிவாளால் வெட்டும்போது மட்டை தொப்பென்று விழும், மோட்டார் சைக்கிள் வரும், உடும்பு குறுக்கே ஓடும், எல்லாம் பழகட்டும். மட்டை முள் காலில் குத்தும், அதனால் டெட்டனஸ் தடுப்பூசி முதலிலேயே போட்டுவிடுங்கள். பயந்து துள்ளினால்? ஆமாம், இழுக்காதீர்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள். போட்டியைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன், நேரம் போய்விட்டது. சுருக்கமாக: தரையில் கட்டைகளை வைத்து அதன் மேல் நடக்க விடுங்கள், பிறகு துள்ளோட்டம், பிறகு முழங்கால் உயரம். முதல் போட்டிக்குப் போட்டியிடாமல் சும்மா அழைத்துப் போங்கள். ஒலிபெருக்கி கேட்டால் அது பந்தயம் என்று நினைக்கும். டச் ஆஃப் கிளாஸ் என்று ஒரு பெண் குதிரை, பந்தயத்தில் தேறவில்லை என்று விற்கப்பட்டது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஜோ ஃபார்கிஸ் அதில் ஏறித் தாண்டும் போட்டியில் இரண்டு தங்கம் வாங்கினார். ஆகவே எதுவும் முடியாத காரியம் இல்லை.

இன்னும் ஒன்று, ஒன்றே ஒன்று. ஒற்றைக் குதிரை வாங்காதீர்கள். கூட்டமாக வாழ்கிற பிராணி அது, தனியாக விட்டால் வேலி நெடுக நடந்து நடந்து மெலிந்துபோகும். இன்னொரு குதிரைக்கு வசதி இல்லையென்றால் ஒரு ஆடாவது கூட நிற்கட்டும். ஆடு எங்கள் ஊரில் கிடைக்கும். வணக்கம்.