மெல்போர்ன் கப்: யாருக்குப் பணம் கட்டலாம்?

[திரையில்: ஃபிளெமிங்டன் மைதானம், மேலிருந்து]

வணக்கம். நவம்பர் முதல் செவ்வாய் மெல்போர்ன் கப் குதிரை ரேஸ் வந்துவிட்டால், வருஷம் முழுக்க ரேஸ் பக்கமே போகாதவர்கள்கூட ஆஸ்திரேலியாவில் ஒரு குதிரைக்குப் பணம் கட்டிவிடுவார்கள். மெல்போர்னில் அன்று பொது விடுமுறை. கட்டுவதற்கு முன் எல்லோரும் கேட்பது, "இருப்பதிலேயே நல்ல குதிரை எது?" இந்த ரேஸுக்கு அந்தக் கேள்வி உதவாது.

ஏன் என்றால் இது ஹேண்டிகேப். 3200 மீட்டர் தூரம், அதிகபட்சம் 24 குதிரைகள். நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரானதற்குக் குறைந்த எடை. எல்லாம் ஒன்றாகக் கோட்டுக்கு வர வேண்டும் என்பதுதான் இந்த எடைகளை முடிவு செய்பவரின் கணக்கு. அந்தக் கணக்கில் எந்தக் குதிரை கொஞ்சம் லேசாகத் தப்பித்திருக்கிறது என்று தேடுவதுதான் நம் வேலை.

[திரையில்: சேணத்துக்கு அடியில் ஈயத் தகடு செருகும் கை]

ஜாக்கி, அதாவது குதிரையை ஓட்டுபவர், சேணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தராசில் ஏறுவார், எடை போதவில்லை என்றால் இந்தத் தகடுகள் ஏறும். ரேஸ் முடிந்ததும் மறுபடி தராசு.

மகைபி திவா என்ற பெண் குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-ல் 51 கிலோவோடு ஜெயித்தது, அடுத்த வருஷம் 55.5, அதற்கடுத்து 58, மூன்று முறையும் அதுதான் முதல்! இப்படி ஒன்றை இன்றுவரை வேறு எந்தக் குதிரையும் செய்ததில்லை. ஆனால் எடை ஒரு கட்டத்தில் யாரையும் மடக்கிவிடும். 1930-ல் ஜெயித்த ஃபார் லேப்புக்கு மறுவருஷம் 68 கிலோ ஏற்றினார்கள், எட்டாவதாகத்தான் வந்தது. அவ்வளவு பெரிய குதிரைக்கே அந்த நிலை.

சரி, எடை குறைந்த குதிரைக்கெல்லாம் கட்டிவிடலாமா? கூடாது. வெர்ரி எலிகன்ட் 2021-ல் 57 கிலோவைச் சுமந்துகொண்டு தனியாக ஓடி வந்து ஜெயித்தது. முந்தின வருஷம் அதைவிடக் குறைந்த எடையில் ஏழாவது. எடையோடு தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கே ஓடுகிற பல குதிரைகள் அதற்கு முன் 3200 மீட்டர் ஓடியதே இல்லை, அதனால் காஃபீல்ட் கப் மாதிரியான 2400 மீட்டர் ரேஸ்களின் வீடியோவைத் தேடிப் பிடித்துக் கடைசி 200 மீட்டரை மட்டும் பாருங்கள்: ஜெயித்த குதிரையை விடுங்கள், நாலாவது ஐந்தாவதாக வந்து, கோட்டைத் தாண்டிய பிறகும் வேகம் குறையாமல் ஓடுகிறதே, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபிளெமிங்டனில் கடைசி நேர்ப்பாதையே சுமார் 450 மீட்டர், திரும்பும்போது முன்னால் இருப்பவை பல பாதியிலேயே மூச்சு வாங்கும்.

அப்புறம் விலை. ஒரு டாலருக்கு 5 டாலர் தருகிறார்கள் என்றால், ஐந்து முறை ஓடினால் ஒரு முறையாவது அது ஜெயிக்கும் என்று நீங்கள் நம்ப வேண்டும். 24 குதிரை நெரிசலில் ஃபேவரிட்டை, அதாவது ஜெயிக்கும் என்று பலரும் நினைக்கும் குறைந்த விலைக் குதிரையைப் பற்றி அப்படி நம்ப எனக்கு மனம் வருவதில்லை. 2015-ல் பிரின்ஸ் ஆஃப் பென்சான்ஸ் 53 கிலோவோடு ஜெயித்தபோது ஒரு டாலருக்கு 101 டாலர். ஓட்டியவர் மிஷெல் பெய்ன், இந்தக் கப்பை வென்ற முதல் பெண் ஜாக்கி. என்னைக் கேட்டால் ஃபேவரிட்டை விட்டுவிட்டு, நடு விலையில் இருக்கும் ஒரு குதிரைக்கு வின் (முதலாவதாக வந்தால் பணம்), பிளேஸ் (முதல் மூன்றுக்குள் வந்தால் பணம்) இரண்டிலும் பாதிப் பாதியாகக் கட்டுங்கள். ஜெயிக்காவிட்டாலும் பிளேஸ் பணமாவது கைக்கு வரலாம்.

ட்ரைஃபெக்டா, அதாவது முதல் மூன்று குதிரைகளையும் வரிசை மாறாமல் சொல்லும் பந்தயம், ஆசை காட்டும். 24 குதிரைகளில் முதல் மூன்றை வரிசையாகச் சொல்ல 12,144 வழிகள் இருக்கின்றன. ஐந்து குதிரைகளைப் பாக்ஸ் செய்தாலே, அதாவது அவற்றில் எந்த மூன்று எந்த வரிசையில் வந்தாலும் சரி என்று கட்டினாலே, 60 சேர்க்கைகளுக்குப் பணம் கட்ட வேண்டும். வீட்டுச் செலவுப் பணத்தில் இதைத் தொடவே தொடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, செவ்வாய் காலை மைதானத்தின் நிலையைப் பார்த்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். இரவில் மழை பெய்து தரை இளகியிருந்தால், காய்ந்த தரையில் மட்டுமே ஓடிப் பழகிய குதிரையை உங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள், உங்களுக்குப் பிடித்ததாகவே இருந்தாலும் சரி.