மண் எடுத்த குழியை மேய்ச்சல் நிலமாக்குவது எப்படி?

(காட்சி: செம்மண் குழி ஒன்றின் வெட்டுமுகம்)

வணக்கம். இந்த வெட்டுமுகத்தை மேலிருந்து கீழாகப் பாருங்கள். முதல் ஒரு சாண் வேரோடிய மேல்மண்; அதன் கீழே செங்கல்லுக்கு ஏற்ற களிப்புள்ள செம்மண்; அதற்கும் கீழே வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக் கட்டிகள். மூன்றையும் தனித்தனியாகவே எடுக்க வேண்டும். கொட்டைப்பாக்கு அளவு சுக்கான்கல் செங்கல்லுக்குள் போய்விட்டாலும், சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகி, பிறகு ஈரம் பட்டதும் நீறிப் பருத்து, கல்லையே பிளந்துவிடும்.

(காட்சி: மேல்மண் குவியல்)

குழியைப் பின்னாளில் மீட்க முடியுமா என்பது, மண் எடுக்கத் தொடங்கும் முதல் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அன்று வழித்தெடுக்கும் மேல்மண்ணை ஆள் உயரத்துக்கு மேல் குவிக்காமல், கொழிஞ்சியோ தக்கைப்பூண்டோ போன்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்துக் காக்க வேண்டும். உயரமாகக் குவித்தால் உள்ளே காற்றோட்டமின்றி மண்ணின் நுண்ணுயிர்கள் மடியும். குழியைப் படிப்படியாகவே வெட்ட வேண்டும். காய்ந்திருக்கும்போது சுவர்போல் நிற்கும் களிமண், ஐப்பசி மழையில் ஊறியதும் சொல்லாமல் சரியும். அதன் அடியில் ஒருவரையும் நிற்க விடாதீர்கள்.

சாதாரணக் களிமண்ணும் 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டப்படி சிறுகனிமமே. தமிழ்நாட்டின் 1959-ஆம் ஆண்டுச் சிறுகனிம விதிகளின்படி அனுமதி பெற்றே அதை எடுக்க வேண்டும். கோவையை அடுத்த தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் வரைமுறையின்றித் தோண்டப்பட்டு, சங்கனூர்ப் பள்ளம் என்னும் நீரோடைக்கு நீர் தரும் ஓடைகளும் சிதைந்த பிறகே, 2021-இல் அங்கிருந்த செங்கல் சூளைகள் மூடப்பட்டன. சூளைகளை மூடியதால் குழிகள் தாமாக ஆறிவிடுவதில்லை.

(காட்சி: சரிவாக்கப்பட்ட கரை)

ஒரு செங்கல் சுமார் 3 கிலோ என்றால், ஒரு லட்சம் கல்லோடு 300 டன் மண் ஊரைவிட்டுப் போகிறது. ஆகவே பழைய மட்டத்துக்குக் குழியை நிரப்ப மண் இருக்காது. ஊர்க் குப்பையைக் கொட்டி நிரப்புவதோ நிலத்தடி நீருக்குச் செய்யும் கேடு. அதற்கு மாறாக, ஓர் அடி இறக்கத்துக்கு மூன்று அடி நீளம் வருமாறு கரைகளைச் சரிவாக்கி, சுக்கான்கல்லையும் கழிவு மண்ணையும் அடியில் பரப்பி, இறுகிய பரப்பை உழுது இளக்கிய பின்பே மேல்மண்ணை விரிக்க வேண்டும். உழாமல் விட்டால் தண்ணீர் உள்ளிறங்காமல் தேங்கி, வேர் அழுகும்.

எதை வளர்ப்பது என்பதற்குக் கொங்கு நாட்டிலேயே விடை இருக்கிறது. காங்கேயம் மாடுகளை வளர்த்த கொறங்காடு என்னும் மரபு மேய்ச்சல் நிலந்தான் அது: கொழுக்கட்டைப்புல், நரிப்பயறு, ஆங்காங்கே வெள்வேல் மரம், சுற்றிலும் கிளுவை வேலி. புல் பழுத்து விதை உதிர்க்கும் வரை மாட்டை உள்ளே விட வேண்டாம். அதன் பின்னும், சீமைக்கருவேலங்காய் தின்ற மாட்டின் சாணத்திலிருந்து சீமைக்கருவேலச் செடிகள் முளைக்கும். ஒவ்வொரு மழைக்குப் பின்பும், ஈரம் காய்வதற்குள், அவற்றை வேரோடு பிடுங்கிவிடுங்கள்.